பளீல் நின்ற இடம்

எனக்குப் பொறுமை குறைவு. அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பொன்னையா சொல்லிவிடுவார். கட்டடங்களை லேசரால் அளந்து முப்பரிமாண மொடல் செய்து கொடுக்கும் கந்தோர் ஒன்று கண்டியில் இருக்கிறது. அங்கே நான் அளவையாளர். பொன்னையா எங்கள் வான் சாரதி. ஹந்தானைத் தோட்டத்துக்காரர். ஸ்கேனரைத் தூக்குவதும் அவர்தான், போகிற இடத்தில் யார் வீட்டில் நல்ல தேத்தண்ணீர் கிடைக்கும் என்று கண்டுபிடிப்பதும் அவர்தான். நான் சண்டை பிடித்த ஆட்களைப் பிறகு போய்ச் சமாதானப்படுத்துகிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டிருந்தார். ஒருவரும் அதை அவருக்குக் கொடுக்கவில்லை.

சண்டைக்குக் காரணம் எப்போதும் ஒன்றுதான். ஸ்கேனரை முக்காலியில் வைத்து முடுக்கிவிட்டால் அது மெல்லத் தன்னைத்தானே சுற்றும். சுற்றிக்கொண்டே நாலா பக்கமும் லேசரை எறியும். எறிந்த ஒளி எதிலாவது பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்துச் சுவர், தூண், கூரை எல்லாவற்றையும் புள்ளி புள்ளியாகப் பதியும். ஒரு சுற்று முடியச் சில நிமிடம் பிடிக்கும். அதுவரைக்கும் யாரும் குறுக்கே போகக் கூடாது. ஆனால் முக்காலியைக் கண்டபிறகும் குறுக்கே போகாத மனிதனை இந்த நாட்டில் நான் இன்னும் சந்திக்கவில்லை. அப்படிப் போகிறவர்கள் மொடலில் ஒற்றைக் காலும் பாதித் தலையுமாக இழுபட்டுக் கிடப்பார்கள். அவற்றுக்கு எங்கள் தொழிலில் நொய்ஸ் என்று பெயர். கந்தோருக்கு வந்து ஒவ்வொன்றாகத் தெரிந்தெடுத்து அழிக்க வேண்டும். அந்த வேலை என் தலையில்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு பெப்ரவரிக் கடைசியில் அலவத்துகொடவில் ஒரு பழைய ஸ்டோரை அளக்கப் போனோம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். ஒரு முழத்துக்கு மேல் தடித்த கருங்கல் சுவர்கள், மேலே பலா மரத்தில் கூரைச்சட்டங்கள், உள்ளே நீளமான ஒரே மண்டபம். சொந்தக்காரர் கண்டி டவுனில் இருந்தார். மேலே ஒரு மாடி எழுப்பும் யோசனையில், இப்போது இருக்கிற கட்டடத்தின் மொடலைக் கேட்டிருந்தார். அதில் வாடகைக்கு இருந்து மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவர்தான் பளீல்.

பளீல் முக்காலியைக் கண்டதுமே வாசலை மறித்துக்கொண்டார். ரோட்டை அகலமாக்க வந்த ஆட்கள் என்று எங்களை நினைத்துவிட்டார். அந்தச் சண்டை ஒரு பாட்டம் நடந்து முடிந்து, சொந்தக்காரரோடு போனில் பேசவைத்த பிறகுதான் உள்ளே விட்டார். விட்டவர் ஸ்கேனரைச் சுற்றிச் சுற்றி வந்தார். நாற்பது வயது இருக்கும். நீளத் தாடி, வெள்ளைத் தொப்பி, கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிய சாரம்.

"இது படம் புடிக்குமா?" என்று கேட்டார்.

அதற்குள் ஒரு கமெராவும் இருக்கிறது, ஆனால் இந்த வேலைக்கு நிறம் தேவையில்லை என்பதால் அதைப் போடுவதில்லை, இது படம் இல்லை, அளவு என்றேன். அவர் நம்பவில்லை. கமெராவை நிறுத்தியதைத் திரையில் காட்டச் சொன்னார். காட்டினேன். உயிருள்ளதைப் படம் பிடிப்பது கூடாது என்பது அவருடைய கொள்கை. தன் கலியாணத்திலேயே ஒரு படம் எடுக்க விடாத மனிதர் என்று பொன்னையா பிறகு சொன்னார். எங்கே கேட்டறிந்தாரோ தெரியாது, அவர் தேத்தண்ணீர் குடித்த வீட்டில் கேட்டிருப்பார்.

சரி, இனி வெளியே போங்கள் என்றால் மனிதர் போகவில்லை. சாதிக்காய் காயப் பரப்பியிருக்கிறது, தராசு திறந்திருக்கிறது, கடையை விட்டுவிட்டு ரோட்டில் நிற்க முடியாது என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"ஒண்டில் வெளியில போங்கோ, இல்லையெண்டால் அசையாமல் நில்லுங்கோ," என்றேன்.

கோபத்தில் சொன்னதுதான். ஒருவராலும் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்க முடியாது, அலுத்துப்போய் வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன். பளீல் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு தராசுக்குப் பக்கத்தில் போய், சுவரிலிருந்து நாலைந்தடி தள்ளி, ஸ்கேனரைப் பார்த்தபடி நின்றார். வலக்கையை இடக்கையின் மேல் வைத்து வயிற்றோடு கட்டிக்கொண்டார். பார்வையை நிலத்தில் வைத்தார். நான் முடுக்கினேன். சுற்று முடியும்வரைக்கும் அந்த மனிதர் இம்மியும் அசையவில்லை. மூக்கில் ஈ வந்து உட்கார்ந்தது, அப்போதும் அசையவில்லை. என் பக்கத்தில் நின்ற பொன்னையா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

முடிந்ததும் அவரே இஞ்சித் தேத்தண்ணீர் போட்டு, கருப்பட்டித் துண்டும் வைத்துத் தந்தார். ஸ்கேனரை அந்த மண்டபத்துக்குள் இன்னும் பல இடங்களில் வைத்து அளக்க வேண்டியிருந்தது. ஓர் இடத்திலிருந்து பார்த்தால் தூணுக்கும் மூட்டைக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று லேசருக்குத் தெரியாது. அதற்குள் அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. திங்கட்கிழமை வாருங்கள், மூட்டைகளை எல்லாம் நடுவுக்கு ஒதுக்கி வைக்கிறேன் என்றார். சண்டை பிடித்த மனிதர் வான்வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அந்தத் திங்கட்கிழமை நாங்கள் போகவில்லை. ஒருவரும் எங்கும் போகவில்லை, கண்டி மாவட்டம் முழுவதும் ஊரடங்கு. முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் எரிக்கிற கலவரம் திகனப் பக்கம் தொடங்கி ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. எண்பத்து மூன்றில் நான் பத்து வயதுப் பிள்ளை. கண்டியில் எங்கள் தமிழ்க் கடைகள் எரிந்தபோது வந்த மணம் எனக்குத் தெரியும். அந்த வாரம் சன்னலைத் திறந்தபோது அதே மணம் வந்தது. இந்த முறை எரிவது எங்களுடையது அல்ல என்று மனதுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அதற்காக என் மேலேயே எனக்கு வெறுப்பு வந்தது.

ஊரடங்கைத் தளர்த்திய அன்று பொன்னையா செய்தியோடு வந்தார். அலவத்துகொட ஸ்டோரை எரித்துவிட்டார்கள். பளீல் பின்கதவால் உள்ளே போயிருக்கிறார், திரும்பி வரவில்லை. நெருப்பை அணைக்கப் போனாரா, எதையாவது எடுக்கப் போனாரா, ஒருவரும் தெளிவாகச் சொல்லவில்லை.

"நல்ல மனுசங்க மிஸ்," என்றார் பொன்னையா. பிறகு வானைக் கழுவப் போய்விட்டார்.

சில வாரம் கழித்துச் சொந்தக்காரர் அழைத்தார். கூரை விழுந்துவிட்டது, சுவர்களையும் இடித்தாயிற்று, காப்புறுதிக்குக் காட்ட அளந்த மட்டிலும் மொடலைக் கொடுங்கள் என்றார். அந்த ஒரேயொரு சுற்றுத்தான் எங்களிடம் இருந்தது. கொம்பியூட்டரில் அதைத் திறந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வந்து எத்தனையோ வருடம். இருந்தும் அந்தத் திரைக்கு முன்னால் நான் வாயடைத்துப் போனேன். உலகத்தில் இல்லாத ஒரு மண்டபம் என் முன்னால் இருந்தது. கருங்கல்லின் ஒவ்வொரு கொத்தும், கூரைச்சட்டத்தில் அறைந்த ஆணியும், சாக்கு மூட்டையின் தையலும், நிலத்தில் காயப் பரப்பிய சாதிக்காய்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே இருந்தன. எல்லாம் கறுப்பு வெளியில் மிதக்கும் சாம்பல் நிறப் புள்ளிகள். நெருப்பு இதற்குள் வரவில்லை. உள்ளே நடந்து போகலாம், மேலே ஏறிக் கூரையைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். போனேன். பிறகு கீழே இறங்கித் திரும்பினேன். தராசுக்குப் பக்கத்தில் பளீல் நின்றார்.

முழு மனிதர். மற்ற ஆட்களைப்போல ஓரிடத்திலும் இழுபடவில்லை. தாடி, தொப்பி, கட்டிய கை, விரல்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி, சாரத்தின் மடிப்பு. என் கை பழக்கத்தில் அழிக்கும் கருவியை எடுத்துவிட்டது, அவரைச் சுற்றிக் கோடும் போட்டுவிட்டது. இனி ஒரு விசையை அழுத்த வேண்டியதுதான். அழுத்த முடியவில்லை. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய் நின்றேன். நெடுநேரம் நின்றேன். பொன்னையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து பார்த்தார்.

பொன்னையாவிடம் சொன்னது ஊருக்குச் சொன்ன மாதிரி. இரண்டாம் நாள் பளீலின் தம்பி தாஸிம் கந்தோருக்கு வந்துவிட்டார். அண்ணனின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை என்றார். அடையாள அட்டை சட்டைப்பையோடு எரிந்துவிட்டது. கொழும்பில் அடையாள அட்டைக் கந்தோரில் கேட்டால் கோப்பிலிருக்கும் படத்தைத் தரலாம், ஆனால் அது பதினாறு வயதில் எடுத்தது, மீசைகூட இல்லாத பொடியன். அண்ணனின் மனைவி, மதினி றமீஸாவுக்கு மாதம் நிறைகிறது, முதல் பிள்ளை. பிறக்கப் போகிற பிள்ளைக்குக் காட்ட வாப்பாவின் முகம் வேண்டும், பெரிதாக அச்சடித்துத் தாருங்கள் என்றார். பத்திரிகைக்கும் கொடுப்பேன், அண்ணன் எப்படிப்பட்ட மனிதர் என்று நாடு பார்க்கட்டும் என்றார். கண் சிவந்திருந்தது. எனக்கு அது நியாயமாகவே பட்டது. நாளைக்கு அடித்து வைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று பின்னேரம் றமீஸா போன் எடுத்தாள். நான் அதற்கு முன் கேட்டிராத குரல்.

"மிஸ், அத யாருக்கும் குடுக்க வாணாம். மொதல்ல நான் பாக்கணும்."

சரி, கந்தோருக்கு வாருங்கள் என்றேன். வரமுடியாது என்றாள். ஏன் என்று கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். பொன்னையா பக்கத்தில் நின்று கையைக் காட்டி என்னை அடக்கினார். புருஷன் இறந்த பெண் இத்தா இருக்கிறாள், பிள்ளை பிறக்கும்வரைக்கும் வீட்டை விட்டு வெளிக்கிடமாட்டாள், வெளி ஆண்களுக்கு முன்னால் வரவும் மாட்டாள் என்று மெதுவாகச் சொன்னார். நான் அடங்கிப்போனேன். பதிவையும் அதன் பிரதியையும் எடுத்துக்கொண்டு அடுத்த நாள் காலை அலவத்துகொடவுக்குப் போனோம்.

சின்ன வீடு. முன்னறையில் தாஸிம் இருந்தார். பொன்னையா வானிலேயே இருந்துவிட்டார். உள்ளறைக்கு ஒரு திரைச்சீலை. நான் பெண் என்பதால் என்னை உள்ளே கூப்பிட்டாள். வெள்ளை உடுப்பு, வயிற்றைத் தாங்கிப் பிடித்த கை. முப்பது வயதுகூட இருக்காது. அலுமாரிக்குப் பக்கத்தில் கிடந்த மேசையில் லெப்டொப்பை வைத்தேன். நான் திறக்கப் போனபோது என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மிஸ், இது படமா?"

நான் என்ன சொல்வது? படம் இல்லை, அளவு என்று அந்த மனிதரிடம் சொன்னேன். அது பொய்யல்ல. ஆனால் திரையில் நிற்பவரைப் பார்த்த பிறகு அதே வார்த்தையை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குத் தெரியாது என்றேன். தெரிந்ததை மட்டும் சொன்னேன். கருவியிலிருந்து ஒளி போகும். எதிலாவது பட்டுத் திரும்பி வரும். பட்ட இடம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. இந்தப் புள்ளிகள் அவரில் பட்டுத் திரும்பிய ஒளி.

"அவர்ல பட்ட வெளிச்சம்," என்றாள் அவள். பிறகு கையை எடுத்தாள். நான் திறந்தேன்.

அவள் அழவில்லை. நான் அதற்குத்தான் ஆயத்தமாக வந்திருந்தேன், கைக்குட்டையும் கொண்டுவந்திருந்தேன். அவள் திரைக்குக் கிட்டப் போய், நெற்றி முட்டிவிடும் அளவுக்குப் போய் நின்று பார்த்தாள். மூச்சு விடுகிறாளா என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது.

"தொழுகைல நிக்கிற மாதிரி நிக்கிறார்," என்றாள். "வீட்டுல நான் அவர்ட பின்னுக்கு நின்டுதான் தொழுவேன். எனக்கு முதுகு மட்டும்தான் தெரியும். முன்னால இப்படியா நிப்பார்?"

தொழும்போது தான் நிற்கிற இடத்திலிருந்து அவரைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். மெல்லத் திருப்பினேன். முன்னால் முழு மனிதராக இருந்தவர் பக்கவாட்டில் வரவர மெலிந்தார். பின்னால் வந்ததும் முதுகே இல்லை. ஸ்கேனர் முன்பக்கத்தை மட்டும்தான் கண்டது. அவள் தினமும் பார்த்த இடம் வெறுமையாக இருந்தது. அது ஏன் என்று விளங்கப்படுத்தினேன். தலையாட்டினாள். திரும்ப முன்னுக்குக் கொண்டுவரச் சொன்னாள். இன்னொருமுறை முகத்தைப் பார்த்தாள், கண்ணை மூடித் திறந்தாள்.

"போதும். அழிச்சிருங்க."

திரைச்சீலைக்கு அப்பாலிருந்து தாஸிம் எழும்பும் சத்தம் கேட்டது. மதினி, பிள்ளைக்குப் பார்க்க ஒன்றுமே இல்லாமல் போய்விடும், இது படம் இல்லை என்று மிஸ்ஸே சொல்கிறார் என்று கெஞ்சினார். நான் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் அவர் பக்கம்தான் இருந்தேன். யாருக்கும் காட்டாமல் நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், பத்து வருடம் கழித்து மனம் மாறினால் வந்து கேளுங்கள் என்றேன். எனக்கும் அவர் போய்விடக் கூடாது என்றிருந்தது.

"எனக்கும் ஆசதான்," என்றாள் றமீஸா. இப்போது குரல் உடைந்தது. "அல்லாவுக்குத் தெரியும், எனக்கு எவ்வளவு ஆச ஈக்கி எண்டு. உசிரோட ஈக்கக்குள்ள அவர் வாணாமெண்டு சென்னத, மவுத்தாப் போனதுக்குப் பொறகு நான் செய்யவா? அவருக்கு இப்ப ஏன் எண்டு கேக்க ஏலாதே."

தாஸிம் திரும்ப உட்காரும் சத்தம் கேட்டது. பேச்சில் தோற்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். பிரதியை அவள் கண் முன்னாலேயே முதலில் நீக்கினேன். பிறகு பளீலைச் சுற்றிக் கோடு போட்டேன். அவள் தன் கையை என் தோளில் வைத்தாள். நான் அழுத்தினேன்.

பளீல் போய்விட்டார். அவர் நின்ற இடத்துக்குப் பின்னால் சுவர் தெரிந்தது. சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்பு உருவம் இருந்தது.

தொப்பியின் வளைவு, தோள்களின் சரிவு, கட்டிய கைகளின் முழங்கைகள். அவர் அளவைவிடக் கொஞ்சம் பெரிதாக, கருங்கல் சுவரின் புள்ளிகளுக்கு நடுவே ஒரு புள்ளிகூட இல்லாத வெறும் இருட்டு. காலடியிலிருந்து நிலத்தின் வழியே போய்ச் சுவரில் ஏறி நின்றது. இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. ஒருவர் குறுக்கே நின்றால் அவருக்குப் பின்னால் லேசர் போகாது, அங்கே ஒன்றும் பதியாது. ஆனால் எப்போதும் அடுத்த இடத்தில் ஸ்கேனரை வைத்து அளப்போம், அந்தப் புள்ளிகள் வந்து வெறுமையை மூடிவிடும். அதனால் அப்படி ஒன்றை நின்று நிதானித்துப் பார்த்ததே இல்லை. இந்த மண்டபத்துக்கு அடுத்த இடம் கிடைக்கவில்லை. இனியும் கிடைக்காது, அந்தச் சுவரே இல்லை.

"இது என்ன மிஸ்?" என்றாள் றமீஸா. பயந்த மாதிரி இருந்தது.

"அது ஒண்டுமில்லை. நான் அவரை முழுக்க அழிச்சிட்டன். அவர் அதில நிண்டபடியால் அந்த இடத்துக்கு வெளிச்சம் போகேல்லை. அவ்வளவுதான்."

"அப்ப இதுல அவர்ட ஒண்டும் இல்லையா?"

"இல்லை. ஒரு புள்ளியும் இல்லை."

"படமும் இல்ல."

"படமும் இல்லை," என்றேன். இந்த முறை எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அவள் திரையைத் தொட்டாள். அந்த இருட்டின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். தொப்பி, தோள், முழங்கை. அப்போதுதான் அழுதாள். பெரிதாக, வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும் முக்காட்டை இழுத்து முகத்தை முழுவதும் மூடிக்கொண்டு அலுமாரிப் பக்கம் திரும்பி நின்றாள்.

"தம்பி, உள்ளுக்கு வாங்க. வந்து பாருங்க. புள்ளக்கி இதக் காட்டலாம்."

தாஸிம் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்தார். பார்த்தவர் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்து முன்னறைக்குப் போகும்வரைக்கும் றமீஸாவோடு நின்றுவிட்டு வெளியே வந்தேன். வானுக்குப் பக்கத்தில் பொன்னையா தேத்தண்ணீரோடு நின்றார். வாங்கிக் குடித்தேன்.

அந்தச் சுவரை மட்டும் பெரிதாக அடித்து றமீஸாவுக்கு அனுப்பிவிட்டு, சொந்தக்காரருக்கு மொடலைக் கொடுத்தேன். ஓட்டைகளை அடைக்கும் வசதி கொம்பியூட்டரில் இருக்கிறது, அக்கம்பக்கத்துச் சுவரைப் பார்த்துத் தானாகவே கல்லை நிரப்பிவிடும். மூட்டைகளுக்குப் பின்னால் இருந்ததையெல்லாம் அப்படி அடைத்துத்தான் கொடுத்தேன். தராசுக்குப் பின்னாலுள்ள சுவரில் மட்டும் கை வைக்கவில்லை. அவர் அழைத்து, சுவரில் ஓரிடம் விடுபட்டிருக்கிறதே, அதையும் மூடித் தாருங்கள் என்றார். நான் சண்டை பிடிக்கவில்லை. அங்கே பளீல் நிற்கிறார் என்றேன். சரி, அப்படியே இருக்கட்டும் என்றார் அவர்.